கல்லுப்புக்கு இரண்டு மதிப்பெண்

உப்பைப் பற்றி என்னிடம் பேச்சுக் கொடுக்காமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. ஒரு கை உப்பு கடன் கேட்டு வந்தவரை ஒரு மணி நேரம் வாசலில் நிற்க வைத்துவிடுவேன் என்று என் மனைவி எங்கள் அபிராமபுரம் குடியிருப்பில் எல்லோரையும் எச்சரித்து வைத்திருக்கிறாள். அப்படியும் போன மாதம் ஒருத்தி போனில் வந்து மாட்டினாள். என்னிடம் ஜூனியராகச் சேர்ந்து, இப்போது அதே பள்ளியில் அறிவியல் துறைக்குத் தலைவியாக இருக்கும் சுமதி.

"சார், ஏழாங்கிளாஸ்ல ஒரே சண்டை. ரோஸ் உப்பு பாக்கெட்ல மினரல்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். அப்ப வீட்ல போடற வெள்ளை உப்பு மினரல் இல்லையானு பசங்க கேக்கறாங்க. நான் என்ன சார் சொல்லட்டும்?"

"எத்தனை மார்க் கேள்வி?" என்றேன்.

"ஐயோ சார், இன்னும் நீங்க மாறவே இல்ல!"

"எழுதியே தர்றேம்மா. போன்ல சொன்னா உன் பேட்டரி தீர்ந்துடும்."

எழுத உட்கார்ந்தால் ஏழாம் வகுப்புக்கான பதில் வரவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சித்திரை மாத வெயிலில், மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் விடைத்தாள் திருத்தப் போய் நான் பட்ட பாடுதான் வந்தது. சுமதி மன்னிக்கட்டும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதற்குள்ளேயே இருக்கிறது, பொறுக்கிக்கொள்ளலாம்.

என் பெயர் மாணிக்கம். பெயரிலேயே கல் இருந்ததாலோ என்னவோ, கல்லூரியில் நிலவியல் எடுத்தேன். அப்பாவுக்கு தியாகராய நகரில் மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பட்டணத்துக்கு வந்து, துணிக்கடைகளுக்கு நடுவில் ஒரு சந்தில் இடம் பிடித்து, பருப்பும் புளியும் விற்று எங்களை ஆளாக்கியவர். "கல்லைப் படிச்சு என்னலே செய்யப் போற? அரிசியில கல்லு பொறுக்கவா?" என்று கேட்டார். எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியில் பெரிய வேலை கிடைக்கும் என்று அவரிடம் அளந்துவிட்டேன். கிடைக்கவில்லை. சைதாப்பேட்டையில் பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்து, அறுபதுகளின் கடைசியில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் வாத்தியார் ஆனேன். பையன்கள் முதல் வாரமே 'கல்லு வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான் என் ஆரம்ப சரித்திரம்.

அந்தச் சமயத்தில் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். அறிவியல் புத்தகத்தில் பாறைகளும் கனிமங்களும் என்று புதிதாக ஒரு பாடம் சேர்ந்தது. நிலவியல் படித்த வாத்தியார் லேசில் அகப்படமாட்டார் என்பதால் என்னைத் தேடிப் பிடித்து அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினேன்.

ஒரு பொருள் கனிமம் என்று பெயர் வாங்க ஐந்து தகுதி வேண்டும். மனிதன் செய்யாமல் இயற்கையில் தானாக உண்டாகியிருக்க வேண்டும். செடிகொடி, பிராணியின் உடம்பிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. கட்டியாக இருக்க வேண்டும். எங்கே எடுத்தாலும் ஒரே வேதிச் சேர்க்கையாக இருக்க வேண்டும். அணுக்கள் உள்ளே வரிசையாக அடுக்கியிருக்க வேண்டும். இதையெல்லாம் எழுதிவிட்டு, பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி வீட்டிலிருந்து ஓர் உதாரணம் தேடினேன். ஆங்கிலப் புத்தகத்தில் 'ராக் சால்ட்' என்று இருந்தது. ராக் என்றால் கல், சால்ட் என்றால் உப்பு. கல்லுப்பு! அடடா, நம் வீட்டுப் பெண்கள் என்றைக்கோ பெயர் வைத்துவிட்டார்களே என்று புல்லரித்துப் போனேன். 'நம் அடுக்களையில் உள்ள கல்லுப்பு ஒரு கனிமம்' என்று எழுதினேன். பாடநூல் குழுவில் ஒரு பெரியவர் அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்து, "இதான்யா தமிழ்" என்று என் முதுகில் தட்டினார். நான் அந்தத் தட்டலோடு ஒரு வருஷம் நடமாடினேன்.

மறு வருஷமே பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வில், அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யில், கேள்வி வந்தது. 'கல்லுப்பு கனிமமா? காரணம் தருக.' இரண்டு மதிப்பெண்.

விடைத்தாள் திருத்தும் முகாம் எப்படி நடக்கும் என்று வெளியாட்களுக்குத் தெரியாது. காலை ஒன்பதரைக்கு வகுப்பறையில் போய் உட்கார வேண்டும். சணலால் கட்டிய விடைத்தாள் கட்டு மேஜைக்கு வரும். எங்களைப் போன்ற உதவித் தேர்வாளர்களுக்குச் சிவப்புப் பென்சில். எங்களுக்கு மேலே இருக்கும் முதன்மைத் தேர்வாளருக்கு மட்டும் பச்சை மை. மின்விசிறி போட்டால் தாள் பறக்கும், போடாவிட்டால் நாம் அவிந்துபோவோம். அதனால் ஆய்வுக்கூடத்திலிருந்து கற்களைக் கொண்டுவந்து தாள்மேல் வைத்துவிட்டு விசிறியைப் போட்டுக்கொள்வோம். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. முப்பதிலிருந்து முப்பத்து நான்குக்குள் நிற்கிற தாள்களை 'பார்டர்' என்று சொல்லித் தனியாகக் கட்டி முதன்மைத் தேர்வாளரின் மேஜைக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் முதன்மைத் தேர்வாளர் பிலோமினா அம்மையார். சாந்தோம் பக்கத்துக்காரர். அவர் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து எல்லோருமே வாத்தியார்கள்தான் என்று கேள்வி. குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் அறையில் பென்சில் சத்தம் நின்றுவிடும். பார்டர் தாள்களை அவர் கண்ணால் மட்டும் படிக்க மாட்டார். உதடு அசைய, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் படிப்பார். "வாயால படிச்சாத்தான் புள்ள என்ன நெனச்சு எழுதிச்சுனு தெரியும்" என்பது அவர் கட்சி.

ஒரு தடவை புதிதாக வந்த ஒருவர், தாளின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருக்கிறது, இது அடையாளம் காட்டுவது ஆகாதா என்று கேட்டார். பரீட்சை எழுதுகிறவர் தன்னை யாரென்று தாளில் காட்டிக்கொடுத்தால் முறைகேடு. மேலே அறிக்கை அனுப்ப வேண்டும், தாளே ரத்தாகும். அம்மையார் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது சாமி கையெழுத்து. புள்ள கையெழுத்து கிடையாது. நீங்க மார்க்கைப் போடுங்க" என்றார். சிலுவைக்கும் பிறைக்கும் அதே தீர்ப்புதான்.

முதல் நாளே என்னைக் கூப்பிட்டு, "மிஸ்டர் மாணிக்கம், கனிமப் பாடம் நீங்க எழுதினதுதானே? அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பையும் நீங்களே எழுதிடுங்க" என்றார். கரும்பு தின்னக் கூலியா! 'ஆம்' என்பதற்கு அரை, காரணத்துக்கு ஒன்றரை என்று பிரித்து எழுதிக் கொடுத்தேன். எல்லோர் மேஜைக்கும் நகல் போனது. நானே எழுதிய பாடம், நானே எழுதிய விடை. ராஜா மாதிரி உட்கார்ந்து டிக் அடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு தாள் வந்தது. கையெழுத்து கோணலாக இருந்தது. கணக்கு மாதிரி ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. கல்லுப்புக் கேள்விக்கு இப்படி:

'இல்லை.
கனிமம் தானாகக் கிடைப்பது.
கல்லுப்பு கிடைப்பதில்லை. செய்கிறோம்.
என் அம்மா பாத்தியில் வாருகிறாள்.
வாராமல் விட்டால் மழையில் கரைந்து போகும்.'

எனக்குச் சுள்ளென்று வந்தது. புத்தகத்தில் பச்சையாக எழுதியிருக்கிறது, அதைப் படிக்காமல் வந்து அம்மா கதை எழுதுகிறது பார் என்று ஒரு முட்டை போட்டேன். அதோடு விட்டேனா? ஓரத்தில் 'பாடத்தைப் படிக்கவில்லை' என்றும் எழுதினேன். கூட்டிப் பார்த்தால் முப்பத்து மூன்று. பார்டர் கட்டில் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மையார் என்னை அழைத்தார். கண்ணாடி கையில் இருந்தது. தலைப்பும் கையில் இருந்தது.

"மிஸ்டர் மாணிக்கம், இதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன் மேடம். புத்தகத்துக்கு நேர் விரோதமா எழுதியிருக்கு."

"புத்தகத்துல கனிமம்னா என்னனு போட்டிருக்கீங்க?"

"இயற்கையில் தானாக உண்டானது…"

"இந்தப் புள்ளயும் அதைத்தானே எழுதியிருக்கு?"

அடுத்த மேஜையில் இருந்த வரதன் எழுந்து வந்தார். மயிலாப்பூர்க்காரர். விதிப் புத்தகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். தங்கமான மனிதர், ஆனால் விதி என்று வந்துவிட்டால் சொந்தத் தம்பியைக்கூட விட மாட்டார்.

"மேடம், மார்க் கெடக்கட்டும். இது ஐடென்டிஃபிகேஷன். என் அம்மா உப்பளத்துல வாரறான்னு எழுதிட்டா, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம்னு சுலபமாக் கண்டுபிடிச்சுடலாமே? ரிப்போர்ட் பண்ணித்தான் ஆகணும். பண்ணலேன்னா நாளைக்கு நம்ம தலை உருளும்."

அவர் சொன்னது தப்பில்லை. விதி அப்படித்தான் இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் இரண்டு மதிப்பெண்ணில் தவறிய தாள், இப்போது அடியோடு ரத்தாகிற தாளாகிவிட்டது. தவறினால் செப்டம்பரில் மறுபடி எழுதலாம். முறைகேடு என்று முத்திரை விழுந்தால் எத்தனை வருஷம் பரீட்சை எழுத விட மாட்டார்களோ. உப்பு வாருகிற ஒருத்தி தன் பிள்ளையைப் பதினோராம் வகுப்பு வரைக்கும் கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறாள், நாம் ஒரு மத்தியானத்தில் கவிழ்க்கப் போகிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்குப் பதினொரு மணிக்கு இந்தக் கட்டுக்கு சீல் வைக்கணும். பத்து மணிக்கு முடிவு பண்ணலாம். மிஸ்டர் மாணிக்கம், கல்லுப்பு எங்கேருந்து வருதுனு தெரிஞ்சிக்கிட்டு வாங்க."

மளிகைக் கடைக்காரன் மகனைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! மானம் போயிற்று. பஸ் பிடித்து நேரே அப்பா கடைக்குப் போனேன். விளக்கு வைத்துவிட்டால் அப்பா உப்பைத் தொட மாட்டார், எடுத்து விற்கவும் மாட்டார். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தேன். கடை வாசலில் வழக்கம்போல உப்பு மூட்டை வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அதைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போயிருக்கிறேன். பாத்தியில் வாருவது வேறு உப்பு, கல்லுப்பு மலையிலிருந்துதான் வரும் என்று அப்போதும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இந்தக் கல்லுப்பு எந்த மலையில வெட்டுறாங்க?"

அப்பா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசை அப்படியே பிடித்தபடி என்னைப் பார்த்தார். "மலையிலயா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு? தூத்துக்குடி அளத்துல கடத்தண்ணியப் பாத்தியில பாச்சிக் காய வச்சு வாருதாவ."

"அப்பறம் ஏன் கல்லுப்புனு பேரு?"

"கல்லு கல்லா கெடக்கு, கல்லுப்பு. பேருல கல்லு இருந்தா மலையில வெட்டுனதாலே? அப்பம் கல்கண்டை எந்த மலையில வெட்டுதான்?"

வாங்க வந்திருந்த இரண்டு மாமிகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எல்லாவற்றையும் முகத்திலிருந்தே படிக்கத் தெரியும், புத்தகம் தேவையில்லை.

"புஸ்தகத்துல எழுதிட்டியோ?"

தலையாட்டினேன். அப்பா சிரித்த சிரிப்பில் எதிர் ஜவுளிக்கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். "கேட்டேளா அம்மா, மளிகைக் கடைக்காரன் மவன்! உப்பு மூட்டையில ஏறி ஏறி வெளையாண்ட பய! கவுருமெண்டு புஸ்தகத்துல கல்லுப்பை மலை ஏத்திப்புட்டான்!" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். ஒரு வழியாகச் சிரித்து ஓய்ந்தபின் நான் விடைத்தாள் விஷயத்தைச் சொன்னேன். அப்பாவின் குரல் இறங்கிவிட்டது.

"நான் சின்னதுல அளத்துல பாத்திருக்கேன்லே. அந்தப் பொம்பளையளு காலை நீ பாக்கணும். பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். வெயிலு கண்ணைக் குத்தும். அவ்வோ அம்புட்டுப் பாடுபட்டு எடுத்ததை, தானா கெடச்சுதுன்னு எழுதிட்டியே மக்கா."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஒரு பொட்டலம் கல்லுப்பை மடித்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை முகாமுக்குப் போகிற வழியில் மயிலாப்பூர் நாட்டு மருந்துக் கடையில் ஏறினேன். மலையில் வெட்டுகிற உப்பு இருக்கிறதா என்று கேட்டதும் கடைக்காரர், "இந்துப்புனு கேளுங்க. வயித்துப் பொருமலா?" என்றார். ஆமாம் என்றேன், பொய்யும் இல்லை. லேசான சிவப்போடு, உடைந்த கண்ணாடி மாதிரி ஒரு கட்டியைக் கொடுத்தார். வடக்கே மலைக்குள் சுரங்கம் வெட்டி எடுக்கிற உப்பு. என்றைக்கோ ஒரு கடல் தானே வற்றி, தானே படிந்து, தானே மண்ணுக்குள் புதைந்தது. யாரும் பாத்தி கட்டவில்லை, யாரும் வாரவில்லை. 'ராக் சால்ட்' என்பது இதுதான். நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்தது பி.எஸ்ஸி. படித்த மாணிக்கத்துக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு இரண்டு பொட்டலத்தையும் அம்மையார் மேஜையில் பிரித்து வைத்தேன். தண்ணீர்ப் பானையைக் கொண்டுவந்து வைத்த பியூன் கபாலி, யாரும் கேட்காமலேயே இரண்டிலும் ஒரு துளி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இன்னா சார், ரெண்டும் உப்புதானே? இதுக்கா காத்தால இருந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு கீறீங்க?"

"அதேதான் நானும் கேக்கறேன்" என்றார் வரதன். "ரெண்டும் சோடியம் குளோரைடு. கட்டி, படிகம், எல்லாம் ஒண்ணு. பாத்தி கட்டறதை விட்டா மனுஷன் என்ன பண்றான்? காய்ச்சறது வெயில், உலத்தறது காத்து. அது இயற்கை இல்லாம பின்னே என்ன?"

நல்ல கேள்வி. நியாயமான கேள்வி. இன்றைக்கும் நிலவியல்காரர்களைக் கூட்டி வைத்து இதைக் கேட்டால் டீ ஆறிப்போகும் வரைக்கும் சண்டை போடுவார்கள். அம்மையார்தான் கேட்டார்:

"மிஸ்டர் வரதன், உங்க வீட்ல ஐஸ்பெட்டி இருக்கா?"

"எங்காத்துல இல்லே. மச்சினன் ஆத்துல வாங்கியிருக்கான்."

"அதுல இருக்கற ஐஸ் கனிமமா?"

வரதன் யோசித்தார். "இமயமலைல இருக்கறது கனிமம். அது தானா உறைஞ்சது. மச்சினன் ஆத்துல இருக்கறது… அது பெட்டி உறைய வெச்சது. ஆகாது."

"ரெண்டும் தண்ணிதானே? ரெண்டும் குளிர்லதானே உறையுது?"

"ஆனா யார் பண்ணினாங்கறது…" என்று தொடங்கிய வரதன் பாதியில் நிறுத்தினார். தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. கெட்டிக்காரர் அல்லவா.

"அதான். பொருள் ஒண்ணுதான். யார் செஞ்சாங்கங்கறதுலதான் வித்தியாசம்" என்றார் அம்மையார். தாளை எடுத்து அந்த ஐந்து வரியையும் இந்த முறை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார். 'என் அம்மா பாத்தியில் வாருகிறாள்' என்ற இடத்தில் நிறுத்தினார்.

"நாம என்ன கேட்டோம்? காரணம் தருகனு கேட்டோம். யாரு செஞ்சாங்கனு சொல்லாம இதுக்கு எப்படிக் காரணம் சொல்றது? இது அடையாளம் இல்ல, விடை. அம்மா பேரு எழுதலை, ஊரு எழுதலை. இந்தக் கரை முழுக்க உப்பு வாரற அம்மா எத்தனை பேரு? அதுல எந்த அம்மானு நீங்க கண்டுபிடிப்பீங்க, மிஸ்டர் வரதன்?"

வரதன் கையிலிருந்த சிவப்புப் பென்சிலை மேஜைமேல் வைத்தார். பிறகு, "நான் கண்டுபிடிக்க மாட்டேன் மேடம்" என்றார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை கடைசிவரை போகவில்லை. ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்போ ஆமாம்னு எழுதின குழந்தைகள்?"

"புத்தகத்தை நம்பி எழுதின புள்ளைங்க. அவங்களுக்கும் மார்க் உண்டு. நம்ம தப்புக்கு அவங்க ஏன் அழணும்? ஆனா இல்லைனு காரணத்தோட எழுதினவங்களுக்கு முழு மார்க் போட்டே ஆகணும். கட்டெல்லாம் பிரிங்க."

கபாலி தலையில் கை வைத்துக்கொண்டார். கட்டியதெல்லாம் அவர்தானே.

அதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். விடைக்குறிப்பை மாற்ற வேண்டுமென்றால் மேலே காரணம் எழுதி அனுப்ப வேண்டும். அம்மையார் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். அடுத்த வருஷம் வேதியியல் பாடத்தையும் என்னிடமே கொடுப்பதாகக் குழுவில் பேச்சு இருந்தது. அந்த ஆசையில் என் கை தானாகவே எழுதியது: 'பாடநூலில் நேர்ந்துவிட்ட அச்சுப்பிழை காரணமாக…'

அம்மையார் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார். கண்ணாடி கழன்றது.

"அச்சுக் கோக்கறவரா ராக் சால்ட்டுக்கு அர்த்தம் பாத்தார்?"

"இல்ல மேடம்."

"அந்தப் புள்ள என்ன எழுதியிருக்கு? தானா கிடைக்கறது வேற, நாம செய்யறது வேற. இந்தப் பிழை தானா நேர்ந்துச்சா மிஸ்டர் மாணிக்கம்?"

சணலை அவிழ்த்துக்கொண்டிருந்த கபாலி தலையைத் தூக்காமலேயே, "உப்பத் துன்னவன் தண்ணி குடிச்சிதான் சார் ஆவணும்" என்றார். எழுதியிருந்ததை அடித்தேன். 'பாடநூலில் கல்லுப்பு என்று எழுதியது என் பிழை. அது இந்துப்பு என்று இருக்க வேண்டும். மாணவர் எழுதியதே சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் காது மடல் இரண்டும் எரிந்தன. அம்மையார் பச்சை மையில் கீழே கையெழுத்திட்டு, தாளை உறையில் போட்டார்.

பிறகு அந்த விடைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். முட்டையை அடித்து இரண்டு போட்டேன். திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், போட்டேன். முப்பத்து மூன்றை அடித்து முப்பத்தைந்து ஆக்கினேன், அங்கேயும் போட்டேன். ஓரத்தில் நான் எழுதிய 'பாடத்தைப் படிக்கவில்லை' என்பது மிச்சம் இருந்தது. அதை அடிக்கலாமா என்று கேட்டேன். "அது உங்களுக்குத்தானே எழுதினது, இருக்கட்டும்" என்றார். ஆனால் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வேதியியல் பாடம் என்னிடம் வரவில்லை. பள்ளிகளுக்குத் திருத்தச் சீட்டு போனது. என் பாடத்தில் 'கல்லுப்பு'க்கு மேல் 'இந்துப்பு' என்று அச்சடித்த துண்டை ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எங்கள் பள்ளியில் அதை வகுப்பு வகுப்பாகப் பசை போட்டு ஒட்டியது நான்தான். பையன்கள் 'கல்லு வாத்தியாரை' விட்டுவிட்டு 'உப்பு வாத்தியார்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஒரு குற்றத்தை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. விடைத்தாளில் இருக்கும் பதிவெண்ணைத் தேர்வாளர் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் வைத்துக்கொண்டேன். சுருக்கொப்பம் போடும்போது கண்ணில் பட்டது, ஒட்டிக்கொண்டது. வேண்டுமென்றால் இப்போதும் சொல்வேன்.

முடிவுகள் அந்தக் காலத்தில் பத்திரிகையில் எண் எண்ணாக வரும். அன்றைக்கு விடிந்ததும் லஸ் முனைக்குப் போய் நின்றேன். பத்திரிகைக் கட்டு வர எட்டாகிவிட்டது. சுற்றிலும் பையன்கள், பெண்கள், அவர்களைவிடப் பதற்றமாக அப்பாக்கள். அறிவியலில் நான் போட்ட இரண்டு போதுமா, ஆங்கிலமும் கணக்கும் அந்தப் பிள்ளையைக் கவிழ்த்திருக்குமா என்று இரண்டு மாதமாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஆளாக ஒரு பிரதியைப் பிடுங்கிக்கொண்டு நடைபாதையிலேயே விரித்தேன். பொடி எழுத்து. விரலை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாக இறங்கினேன். ஒரு தடவை தவறவிட்டு மறுபடி மேலே போனேன்.

இருந்தது.

"டேய்!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணில் நீர் வந்துவிட்டது, வெட்கமாக இருந்தது. பத்திரிகை விற்கிறவர் கட்டைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாஸா சார்?"

"பாஸ்!"

"பையனா, பொண்ணா?"

நான் விழித்தேன். அதுவரை அதை நான் யோசித்ததே இல்லை. "தெரியாதுப்பா" என்றேன்.

"இன்னா சார் நீ! பையனா பொண்ணானு கூடத் தெரியாமலா காத்தாலேருந்து இங்க நின்னுக்கினு கீற?"

"அவங்க அம்மாவுக்குத் தெரியும்" என்றேன்.